வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள்

எங்கள் அப்பாவுக்கு "முடியாது" என்று சொல்லத் தெரியும், கேட்கத் தெரியாது. போக்குவரத்துக் கழகத்தில் கிளை மேலாளராக இருந்தவர். டிரைவரின் தாயார் செத்துக் கிடந்தாலும் டிரிப்பை முடித்துவிட்டுப் போ என்பார். அப்பா, அதாவது பூதலிங்கம் சார், ஓய்வு பெற்ற அன்று டெப்போவில் மாலை போட்டு அனுப்பினார்கள். ஜீப் தெருமுனை தாண்டியதும் வெடி போட்டார்கள் என்று பிற்பாடு ஒரு கண்டக்டர் சொன்னார். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. அம்மா மட்டும், வெடிக்கு யார் காசு கொடுத்தார்களோ என்று கவலைப்பட்டாள்.

டெப்போ பிழைத்துக்கொண்டது. அம்மா மாட்டிக்கொண்டாள். அதுவரை அரைநாள் அம்மாவிடமும் அரைநாள் ஊழியர்களிடமும் செலவான குரல் முழுவதும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

அவருக்குச் சாப்பாடு கொதிக்கக் கொதிக்க வேண்டும். ரசம் அடுப்பிலிருந்து இறங்கிய கையோடு தட்டுக்கு வர வேண்டும். காப்பியில் ஆவி பறக்காவிட்டால் டம்ளர்தான் பறக்கும். மதியம் ஒரு பிடி பிடித்துவிட்டு அப்படியே மல்லாந்து படுப்பார். கொஞ்ச நேரத்தில் புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், அம்மாவுக்கு வசவு. செரிமான மாத்திரையைப் பொரிகடலை மாதிரி மென்றுகொண்டே பல வருடங்களை ஓட்டிவிட்டார். அம்மா ஆவுடையம்மாள், அவர் எழுந்து கைகழுவிய பிறகுதான் சாப்பிட உட்காருவாள். அதற்குள் எல்லாம் ஆறிப்போயிருக்கும். அவள் சூடான சோறு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நான் காந்திமதி. கயத்தாறு பக்கம் காற்றாலைகளின் இறக்கைகளை டிரோன் விட்டுச் சோதிக்கிற வேலை. அப்பா பார்த்த மாப்பிள்ளையைக் கட்டமாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நான் வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்த்து, "வந்தவளுக்குச் சோறு போடு," என்பார். ஒற்றைப் பிள்ளை என்பதால் அந்த அளவு சலுகை.

ஒருநாள் அப்பாவுக்குச் சோறு தொண்டையில் நின்றுகொண்டது. அப்போதுதான் அப்பா பயந்தார். பாளையங்கோட்டையில் ஜெபசெல்வி என்ற டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு அவர் எங்கள் மூவரையும் உட்கார வைத்தார்.

"வயித்துல இருக்கிற அமிலம் வருஷக்கணக்கா மேல ஏறி உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கு. சூடா சாப்பிடறது அந்தப் புண்ணு மேலயே இன்னும் சுட்டிருக்கு. கீழ்ப்பகுதியில தோலே மாறிப்போச்சு."

"புத்துநோயா டாக்டரம்மா?" என்று அம்மா கேட்டாள். அப்பா அவளை ஒரு முறை முறைத்தார்.

"இல்லம்மா. இந்த மாதிரி தோல் மாறினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் புற்றுநோய் வரவே வராது. ஒரு சிலருக்குத்தான் வரும். அந்தச் சிலர்ல சார் சேராம பாத்துக்கணும், அவ்வளவுதான்."

அதற்குத்தான் வளையம். இப்போது எல்லோருக்கும் அது தெரியும். அப்போது புதிது. உணவுக்குழாயின் மேல்முனையில் ஒன்று, கீழ்முனையில் ஒன்று. கீழே இருப்பது அமிலத்தை மேலே விடாது. மேலே இருப்பது காவலாளி. வருகிற கவளத்தின் சூட்டையும் காரத்தையும் பார்க்கும், உள்ளே புண் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும், ஆகாது என்றால் மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் வாயிலிருப்பதைத் துப்புவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அப்பாவுக்கு இதைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. தான் என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு கம்பி தீர்மானிப்பதா என்று கேட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். முதலில் வந்த வளையங்களின் கட்டுப்பாட்டை நோயாளி கையிலேயே கொடுத்தார்களாம். முதல் பிரியாணியிலேயே எல்லோரும் திறந்துகொண்டார்களாம். பிறகு மெஷினிடமே முழுசாக விட்டுப் பார்த்தார்கள். தாகத்துக்கு ஒருவாய் மோர்கூட விடவில்லை என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் நடுவில் ஒரு மனிதரை வைத்தார்கள். அவர் பெயர் காப்பாளர். வளையம் மூடிக்கொண்டால் காப்பாளரின் போன் கேட்கும், திறக்கலாமா என்று. காப்பாளர் தன் குரலில் பதில் சொல்ல வேண்டும். வேறு யார் குரலுக்கும் அது மசியாது.

"அதனால யோசிச்சுச் சொல்லுங்க சார். உங்ககிட்ட வேண்டாம்னு சொல்லக்கூடிய ஆள் யாரு?"

அப்பா யோசிக்கவேயில்லை. அம்மாவை நோக்கித் தாடையை ஆட்டினார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "டாக்டர், அம்மா அவர்கிட்ட எதுக்கும் வேண்டாம்னு சொன்னதில்ல. நான் இருக்கேன்," என்றேன்.

"பெத்த பொண்ணுகிட்ட வாயைத் திறந்து பிச்சை கேக்கணுமோ?" என்று அப்பா சுவரிடம் கேட்டார். டாக்டரிடம் திரும்பி, "இவ எனக்குப் பொண்டாட்டி. நான் உசுரோட இருக்கணும்னு இவளைவிட யாருக்கு அக்கறை?" என்றார்.

டாக்டருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. பெரும்பாலும் மனைவிமார்தான் காப்பாளர், அவர்கள்தான் கண்டிப்பாக இருப்பார்கள் என்றார். அவர் வீட்டில் அப்படி இருக்கலாம். அம்மாவைப் பேசச் சொல்லி அவள் குரலைப் பதிவு செய்தார்கள். "திற", "வேண்டாம்" என்ற இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். திற என்பது உடனே பதிவாகிவிட்டது. வேண்டாம் என்று அவள் சொன்னது மெஷினுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கம்மா என்று பதிவு செய்த பெண் பல தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. உயிர்ப்பயம் புதிதாக இருந்ததால் அப்பா குழைந்த சோறும் ஆறிய பருப்பும் சாப்பிட்டார். பயம் பழகியதும் நாக்கு விழித்துக்கொண்டது. டெப்போவில் கூட வேலை பார்த்த நாலைந்து பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டார். ஆட்டுக்கறிக் குழம்பு கொதிநிலையில் மேசைக்கு வந்தது. முதல் கவளத்திலேயே வளையம் மூடிக்கொண்டது. அம்மாவின் போன், ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரலில், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டது.

"அபாயம் கூடுகிறது. திறக்கலாமா?"

அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். டாக்டர் சொன்னதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். டாக்டர் ஜெபசெல்விக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். "வேண்டாம்," என்றாள். இந்த முறை மெஷினுக்குத் தெளிவாகக் கேட்டது.

விருந்தாளிகள் முன்னால் அப்பா கவளத்தைத் தட்டில் துப்பினார்.  அவர்களில் ஒருவர், "சார்கிட்ட லீவு கேட்டா நமக்கு இப்படித்தான் இருக்கும்," என்று பக்கத்து ஆளிடம் மெல்லச் சொல்லியிருக்கிறார். மெல்லச் சொன்னது மேசை முழுக்கக் கேட்டது.

அவர்கள் போன பிறகு அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். உப்புப் பார்ப்பதற்குக் கையை நீட்டுவாயே, அந்த மாதிரி நீட்டு என்றார். அவளும் நீட்டினாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தில் ஒரு கரண்டி எடுத்து அவள் உள்ளங்கையில் ஊற்றினார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ரசம் சிந்தினால் அதற்கும் வசவு விழும் என்று பழகிய கை.

அடுத்த வாரம் நான் போனபோது கையில் கட்டு இருந்தது. குக்கர் ஆவி அடித்துவிட்டது என்றாள். நான் அதை நம்பினேன். நாற்பது வயதுக்கு மேல் ஆன, உலகத்துக் காற்றாலைகளில் உள்ள விரிசலையெல்லாம் கண்டுபிடிக்கிற எனக்கு, அம்மா உள்ளங்கை கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் "வேண்டாம்" கேட்கவில்லை. போன் கேட்கும், அம்மா திற என்பாள். உப்பைத் தா, கதவைச் சாத்து என்பதுபோல ஒரு குரல். அப்பாவுக்கு வளையம் ஒரு விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. வருகிறவர்களிடம் எல்லாம், எங்க வீட்டுல மெஷின்கூட என் பொண்டாட்டி வாயைத்தான் பார்க்கும், அவ என் வாயைப் பார்ப்பா என்று பெருமையடித்தார். ஒரு சின்ன அசௌகரியம் மட்டும் இருந்தது. அவர் சாப்பிடுகிற நேரத்தில் எல்லாம் அம்மா கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும். அதனால் அவள் கோவிலுக்குப் போவது நின்றது. கயத்தாறுக்கு வந்து என்னோடு இரண்டு நாள் இருப்பதாகச் சொல்லியிருந்ததும் நின்றது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து காப்பாளரை மாற்றச் சொன்னேன். நோயாளி கேட்டால்தான் மாற்ற முடியும் என்றார்கள். நோயாளியிடம் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துச் சிரித்தார். டாக்டரே சில தடவை வீட்டுக்குப் போன் செய்து எச்சரித்திருக்கிறார். அப்பா கத்திவிட்டு வைத்துவிடுவார். காப்பாளர் சம்மதத்தோடுதான் எல்லாம் நடக்கிறது என்பதால் ஆஸ்பத்திரிக்கும் அதற்கு மேல் கேட்க உரிமை இல்லையாம்.

அம்மாவிடமே நேராகக் கேட்டுப் பார்த்தேன். அப்பா மல்லாந்து படுத்திருந்த ஒரு மதியம்.

"எம்மா, நீ திற திறன்னு சொல்லிக்கிட்டே இருந்தா அவருக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியாம என்னட்டி? போன்ல அந்தப் பொம்பள தினமும் சொல்லுதால்லா, அபாயம் கூடுதுன்னு."

"தெரிஞ்சா சொல்லுற?"

"அவிய கேக்காவ. கேட்டதை இல்லன்னு சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல."

சொல்லிவிட்டு அவள் மிளகு வறுக்க எழுந்து போனாள். அந்த நாட்களில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா கேட்காததையும் அம்மா செய்ய ஆரம்பித்திருந்தாள். ரசத்தில் மிளகு கூடிக்கொண்டே போனது. காப்பியை மேசைக்குக் கொண்டுவந்த பிறகு, ஆறிப்போச்சோ என்று அவளே திரும்ப எடுத்துப்போய்க் கொதிக்க வைத்தாள். ஆயுசில் முதல் தடவையாக அப்பா அவள் சமையலைப் பாராட்டினார். போன் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே அவள் திற என்று சொல்லிவிடுவாள். அவள் முகத்தில் கோபமோ சந்தோஷமோ எதுவும் தெரியாது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. அது அப்பாவுக்காகப் பட்ட பயமா அம்மாவைக் கண்டு பட்ட பயமா என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் சோறு இறங்கவில்லை. பிறகு கஞ்சி இறங்கவில்லை. வளையம்தான் கோளாறு என்று அப்பா அம்மாவைத் திட்டினார். போன் கேட்காமலேயே அம்மா திற திற என்று சொல்லிப் பார்த்தாள். வளையம் திறந்துதான் இருந்தது. ஒரு வாரத்தில் தண்ணீரும் இறங்கவில்லை, குரலும் கம்மிப்போய்விட்டது. திட்டுவது மூச்சுக்காற்றாக மட்டும் வந்தது. அம்மா காதைப் பக்கத்தில் கொண்டுபோய்த் திட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜெபசெல்வி இந்த முறை எங்களை உட்காரச் சொல்லவில்லை. அந்தச் சிலரில் அப்பா சேர்ந்துவிட்டார். கட்டி குழாயை அடைத்து, குரல் நரம்பையும் அழுத்திக்கொண்டிருந்தது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, இனி வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு என்றார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல டாக்டர். தன் நோயாளியைக் காப்பாற்றவில்லையே என்ற கோபம், கண்முன்னால் இருந்த அம்மாமேல் பாய்ந்தது.

"ஆரம்பத்துலயே நிறுத்தியிருந்தா இவருக்கு இது வந்திருக்காதும்மா. எத்தனை தடவை கேட்டிருக்கும் அந்தப் போன்? ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

"ஒருக்கா சொன்னேன் டாக்டரம்மா," என்றாள் அம்மா.

வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் தோல் சுருங்கி, பளபளவென்று, ரேகையே இல்லாமல் இருந்தது. அப்போதுதான் எனக்கும் எல்லாம் தெரியும். டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார், படுக்கையில் இருந்த அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் அதற்கப்புறம் அம்மாவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆனால் அப்பாவிடம் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. வயிற்றுக் குழாயோடு இடுப்பில் ஒரு சின்னப் பம்பு கட்டுவார்கள். அவசரமாகச் சாப்பாட்டை ஏற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் அந்தப் பம்புக்கும் ஒரு காப்பாளர் வேண்டும். செலுத்து என்று அவர் சொன்னால்தான் ஓடும்.

டாக்டர் குனிந்து, நிதானமாகக் கேட்டார். "சார், போன தடவை நான் கேட்டதுக்கு நீங்க யோசிக்கல. இப்ப யோசிங்க. உங்க சாப்பாடு யார் கையில இருக்கணும்?"

அப்பா யோசித்தார். கண் அம்மாவின் கைமேல் போய் நின்றது. பிறகு, மாப்பிள்ளை விஷயத்துக்கப்புறம் முதல் தடவையாக, என்னை நேருக்கு நேர் பார்த்தார். விரலை என் பக்கம் நீட்டினார். உதடு அசைந்தது. மதி என்றுதான் சொன்னார், எனக்கு நன்றாகப் புரிந்தது.

அவர் கணக்கு சரிதான். யார் நேரத்துக்குச் சோறு போடுவார்கள், யார் போடமாட்டார்கள் என்று அவருக்கு அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. நான் போட்டிருப்பேன். திட்டிக்கொண்டாவது போட்டிருப்பேன். அவருக்கும் அது தெரியும், அதனால்தான் கேட்டார். இத்தனை வருஷம் அந்த விரல் என்னை நோக்கி நீளாதா என்று நான் ஏங்கியதும் உண்மைதான். இப்போது நீண்டதைப் பார்த்தபோது எனக்கு அம்மாவின் உள்ளங்கைதான் நினைவில் இருந்தது.

"முடியாது," என்றேன்.

 அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவளுக்கு வேலைவெட்டி இருக்கு டாக்டரம்மா. நானே வச்சுக்கிடுதேன்."

 வேண்டாம் என்று டாக்டரும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, அம்மாவின் குரலைப் பதிவு செய்யச் சொன்னார். "செலுத்து", "இரு". இரண்டு சொற்கள். இந்த முறை இரண்டுமே முதல் தடவையிலேயே பதிவாகிவிட்டன.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் நான் லீவு போட்டுவிட்டு அங்கே இருந்தேன். கூடத்தில், சாப்பாட்டு மேசையைப் பார்த்தாற்போல் அவர் கட்டில் கிடந்தது. முன்பு அவரே போடச் சொன்ன இடம். அங்கே படுத்துக்கொண்டால் சமையலறையில் என்ன நடக்கிறது என்று தெரியும், குரல் கொடுக்க வசதி.

அம்மா அன்று சோறு வடித்தாள். உளுந்தம்பருப்புச் சோறு இல்லை, விசேஷம் ஒன்றும் இல்லை. வெறும் சோறு, மிளகு ரசம், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம். குழாயில் ஏற்ற வேண்டிய மாவுப்பாலை ஆஸ்பத்திரியில் சொன்னபடி கரைத்துப் பம்பில் ஊற்றி மூடினாள். பிறகு மேசைக்கு வந்து, அப்பாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்கும் தட்டு வைத்தாள். அவள் தட்டில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது.

போன் பேசியது. அதே செய்தி வாசிக்கிற குரல்.

"உணவு நேரம். வயிறு காலியாக உள்ளது. செலுத்தலாமா?"

கட்டிலில் அப்பா தலையைத் தூக்கினார்.

"இரு," என்றாள் அம்மா போனைப் பார்த்து. பிறகு, கட்டில் பக்கம் திரும்பி, மரியாதையாகவே, "நான் சாப்ட்டுட்டு வாரேங்க," என்றாள்.

எனக்கு அப்பா மேல் இரக்கம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அம்மா, அவருக்கு முதலில் கொடுத்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "வேண்டாம்" என்று சொல்ல எனக்குத் தெரியும், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாயைத் திறக்காமல் பொரியலை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அம்மா சோற்றில் ரசத்தை ஊற்றினாள். கரண்டியிலிருந்து ஆவி எழும்பியது. பிசைய விரலை வைத்தவள், உடனே எடுத்துக்கொண்டாள்.

"கொதிக்குதுட்டி. ஆறட்டும்," என்றாள். "ரொம்பச் சூடாச் சாப்டக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காவல்லா."

போன் மறுபடியும் கேட்டது. அம்மா மறுபடியும் இரு என்றாள். ரசம் ஆறும்வரை நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.